ஊசி உடைந்ததை யாரிடம் சொல்வது?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் அக்காக்களுக்கும், ஷிஃப்ட் முடிந்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் திருப்பூர் மக்களுக்கும் வணக்கம். "வேலையைச் சிறப்பாக முடிக்க வைப்பது மேலாளரின் நெருக்கடியா, நிதானமா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் நிதானத்தின் பக்கம். நெருக்கிக்கொண்டே இருக்கிற மேலாளர் வேலையைக் கெடுக்கிறார், அவர் கெடுப்பது அவர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், கரும்பைப் பிழிந்தால்தான் சாறு வரும், ஆளை நெருக்கினால்தான் வேலை வரும் என்றார். கைதட்டலும் நன்றாகக் கிடைத்தது. அண்ணா, நேற்றுப் பிழிந்த கரும்பை இன்றைக்கு மறுபடி மெஷினில் விட்டால் என்ன வரும்? நம் ஊரில் எந்த ஆர்டரும் ஒரு நாளோடு முடிவதில்லை. நாளைக்கும் அதே டெய்லர்தான் வரவேண்டும், அதே செக்கிங் அக்காதான் வரவேண்டும், சக்கையாக வந்தால் என்ன செய்வீர்கள்?

நான் 9 வருடம் பனியன் கம்பெனிகளில் க்யூ.சி.யாக, அதாவது தரம் பார்க்கிறவளாக இருந்தவள். அதில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர், லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த சிங்கிள் ஜெர்சி, அதாவது மெல்லிய பின்னல் துணி. துணியை அமுக்கி அளவுக்குக் கொண்டுவரும் காம்பாக்டிங் முடிந்து, துணி ரோல் ரோலாக வந்து இறங்கியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னல் துணி, பின்னுகிற நிட்டிங்கிலிருந்து சாயம் போடுகிற டையிங் வரைக்கும் இழுபட்டு இழுபட்டுத்தான் நம்மிடம் வருகிறது. ரோலில் சுற்றி இருக்கும்வரை அந்த இழுவை துணிக்குள்ளேயே இருக்கும். பிரித்துத் தளர்வாகப் போட்டுவைத்தால்தான் மெதுமெதுவாகத் தன் அளவுக்குத் திரும்பும், லைக்ரா என்றால் ஒரு நாள் முழுக்க விடவேண்டும். அப்படி ரிலாக்ஸ் பண்ணாமல் வெட்டினால் வெட்டும் நேரத்தில் அளவு கச்சிதமாக இருக்கும், தைத்து அயர்ன் பண்ணி மடிக்கும்போது சட்டை சின்னதாகிப் போயிருக்கும்.

அன்றைக்கு பி.எம்., அதாவது உற்பத்தி மேலாளர், கட்டிங் டேபிளுக்கே வந்து நின்றுவிட்டார். காலையிலிருந்தே ஏழெட்டுத் தடவை வந்து போனவர். "துணி வந்தாச்சு, இன்னும் ஏன் லே போடலை? ராத்திரிக்குள்ள வெட்டி லைனுக்கு ஏத்தணும்." லே என்றால் வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரிப்பது, லைன் என்றால் தையல் மெஷின் வரிசை. கட்டிங் மாஸ்டர் 20 வருட அனுபவம் உள்ளவர். அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் போன வாரம் இதே மாதிரி ஒரு விஷயத்துக்கு, "சார், நாளைக்கு வெட்டலாம்" என்று அவர் சொன்னபோது, மகன் வயசுப் பையன்கள் முன்னால், "வேலைக்கு வந்தியா, பாடம் எடுக்க வந்தியா" என்று கேட்டுவிட்டார் பி.எம். அதனால் இந்தத் தடவை மாஸ்டர், "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். லே போட்டார், வெட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் டேப்பை வைத்தால் உயரம் இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது. சரக்கை வாங்குகிற பையர் விட்டுக்கொடுப்பது ஒரு சென்டிமீட்டர்தான். மொத்த ஆர்டரும் ஃபெயில். மறுபடி நூல், மறுபடி நிட்டிங், டையிங், கட்டிங், கடைசியில் கப்பலில் போகவேண்டிய சரக்கு முதலாளி செலவில் விமானத்தில் போனது. மிச்சம் பிடித்தது ஒரே ஒரு நாள்.

இதில் நான் பார்க்கச் சொல்வது அந்த ஒரு நாள் அவசரத்தை அல்ல, அவசரம் எல்லோருக்கும் வரும். போன வாரம் விழுந்த திட்டு இந்த வாரம் என்ன செய்தது, அதைப் பாருங்கள். நெருக்கினால் கை வேகமாக ஓடும் என்று நினைக்கிறோம், கை ஓடுகிறதோ இல்லையோ, வாய் உடனே மூடிக்கொள்கிறது. அந்த மேலாளர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, நல்ல உழைப்பாளி, ராத்திரி எங்களுக்குப் பின்னால்தான் வீட்டுக்குப் போவார். ஆனால் அவருடைய தளத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் யாரும் அவரிடம் எதையும் சொல்வதில்லை.

இதைவிடப் பயங்கரமான ஒன்று சொல்கிறேன். தையல் ஊசி உடைந்தால் என்ன செய்யவேண்டும்? மெஷினை நிறுத்தவேண்டும், உடைந்த துண்டு அத்தனையையும் தேடி எடுத்து ஒரு முழு ஊசியாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும், ரெஜிஸ்டரில் ஒட்டி எழுதவேண்டும், அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த மெஷினைச் சுற்றி இருக்கிற பீஸ் அத்தனையையும் ஒதுக்கி வைத்துத் தேடவேண்டும். எதற்கு? அது ஒரு குழந்தையின் கழுத்தில் போய்க் குத்தும் என்பதற்காக. தேடி முடிக்கக் கால் மணி நேரம், அரை மணி நேரம் ஆகும். தலைக்கு மேலே நின்றுகொண்டு, "இந்த மணி நேரத்தில் எத்தனை பீஸ், ஏன் குறைஞ்சது, பக்கத்து லைனைப் பாரு" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தால் அந்த டெய்லர் என்ன செய்வாள்? தன் பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓட்டுவாள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டபோது அவள், "அக்கா, பீஸ் குறைஞ்சா திட்டு இப்பவே விழும், ஊசி விஷயம் அப்புறம்தான" என்றாள். கடைசியில், துணிக்குள் ஊசித் துண்டு இருந்தால் காட்டுகிற நீடில் டிடெக்டர் பிடித்துவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை, அந்த டிடெக்டரில் நிற்கிற பையனையும் யாரோ நெருக்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

எதிரணியில் ஒரு அக்கா, இதெல்லாம் படிக்காத தொழிலாளிகள் இருக்கிற இடத்துச் சிக்கல், படித்தவர்கள் இருக்கிற இடத்தில் கெடுவும் நெருக்கடியும்தான் சாதனையைக் கொண்டுவரும், ராக்கெட் விட்டவர்களைக் கேளுங்கள் என்றார். சரி, ராக்கெட் விட்டவர்களையே கேட்போம்.

1986 ஜனவரி 27, இரவு. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் மறுநாள் காலை கிளம்பவேண்டும், ஏற்கெனவே பல தடவை தள்ளிப்போன பயணம். பூஸ்டர் ராக்கெட்டைச் செய்துகொடுத்த மார்ட்டன் தயோகோல் என்ற கம்பெனியின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில், நாளைக்கு வேண்டாம் என்றார்கள். பூஸ்டரின் இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன, குளிரில் அவை விறைத்துப்போகும், சூடான வாயு கசிந்துவிடும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவாதீர்கள் என்றார்கள். ரோஜர் பாய்ஜாலி என்ற பொறியாளர் ஆறு மாதத்துக்கு முன்பே இதை எழுத்தில் கொடுத்து எச்சரித்திருந்தார். நாசா தரப்பில் லாரன்ஸ் முலாய் என்ற மேலாளர் என்ன கேட்டார் தெரியுமா? "நான் எப்போது ஏவவேண்டும் என்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" என்று கேட்டார். கேட்டதும் கம்பெனிக்காரர்கள், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று லைனை மியூட்டில் போட்டுவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். அங்கே ஒரு பெரிய மேலாளர், பொறியியல் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப லைனுக்கு வந்து, ஏவலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆலன் மெக்டொனால்ட் என்ற ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார், அவருக்குப் பதிலாக மேலே இருந்தவர் போட்டார்.

மறுநாள் காலை ஏவுதளத்தில் சுமார் 2 டிகிரி. கிளம்பிய 73-வது நொடியில் எல்லாம் முடிந்தது. 7 பேர், அதில் ஒருவர் பள்ளிக்கூட டீச்சர், கிறிஸ்டா மெக்காலிஃப். தன் மாணவர்களுக்கு விண்ணிலிருந்து பாடம் எடுக்கப் போனவர்.

நடுவர் அவர்களே, பின்னால் விசாரித்த ஆணையம் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. ஏவலாம் என்று கடைசி முடிவெடுத்த பெரியவர்களுக்கு, முந்தின இரவு பொறியாளர்கள் வேண்டாம் என்று சொன்ன விஷயமே போய்ச் சேரவில்லை. நம் ஊர்க் கட்டிங் டேபிளில் நடந்ததும் அங்கே நடந்ததும் ஒன்றுதான். தெரிந்தவன் கீழே இருக்கிறான், முடிவெடுப்பவன் மேலே இருக்கிறான், நடுவில் ஒரு பொறுமையில்லாத மேலாளர் நின்று அந்தப் பாதையை அடைத்துவிடுகிறார்.

டார்கெட் வைத்து நெருக்கினால் எண்ணிக்கை உயரும் என்று எதிரணித் தம்பி ஒருவர் வங்கியை உதாரணம் காட்டினார். உயரும் தம்பி. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்ற வங்கியில், ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டு கணக்கு, கார்டு, கடன் என்று ஏற்றவேண்டும் என்று நெருக்கினார்கள். எண்ணிக்கை உயர்ந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்துவைத்திருந்தார்கள் என்று 2016-ல் வெளியே வந்தது. 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேரை வேலையிலிருந்து எடுத்திருந்தார்கள். நெருக்கியவர்கள் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் நீங்களே தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் தேதியே வேண்டாமா, தூத்துக்குடியில் கப்பல் நமக்காகக் காத்திருக்குமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. காத்திருக்காது. தேதி வேண்டும், தேதி இல்லாமல் இந்த ஊரே இல்லை. ஆனால் தேதியைச் சொல்வது வேறு, நெருக்குவது வேறு. "18-ஆம் தேதி கன்டெய்னர் ஏறணும், துணி ஒரு நாள் தாமதம், எங்கே பிடிக்கலாம் சொல்லுங்க" என்று மாஸ்டரைக் கேட்டிருந்தால் அவர் பத்து வழி சொல்லியிருப்பார். லைக்ரா இல்லாத காலர் துணியை முதலில் வெட்டலாம், பிரிண்டிங்குக்குப் போகிற முன்பக்கத்தை மட்டும் துணி தளர்ந்ததும் முதல் லே போடலாம், ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரை விட்டுப் பையரிடம் இரண்டு நாள் கேட்கச் சொல்லலாம். அந்தப் பேச்சுக்கு பத்து நிமிஷம் போதும். மணிக்கொரு தடவை வந்து ஏன் ஏன் என்று கேட்பதற்குச் செலவான நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், அதைவிட அதிகம்.

முதலாளிக்கும் நெருக்கடி இருக்கிறது என்றீர்கள், அதையும் நான் மறுக்கவில்லை. பையர் விலையைக் குறைக்கிறான், நூல் விலை ஏறுகிறது, வங்கி கூப்பிடுகிறது. பையர் முதலாளியை நெருக்க, முதலாளி பி.எம்.மை நெருக்க, பி.எம். சூப்பர்வைசரை, சூப்பர்வைசர் டெய்லரை, டெய்லர் பக்கத்தில் நின்று உதவுகிற கைமடிப் பெண்ணை. அந்தப் பெண்ணுக்குக் கீழே யாரும் இல்லை. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டும், போனால் கேள்வி வரும் என்று மத்தியானம் வரைக்கும் தண்ணீரே குடிக்காமல் நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் விழுந்த பாரம் அவர்கள் உடம்பிலும் துணியிலும்தான் இறங்கும், வேறு எங்கே இறங்கும்? மேலாளருக்குச் சம்பளம் கொடுப்பதே மேலிருந்து வருகிற அந்த பாரத்தில் பாதியைத் தன் தோளில் நிறுத்திக்கொள்ளத்தான். அப்படியே கீழே தள்ளிவிடுவதற்கு ஒரு ஆள் எதற்கு, ஒரு மைக் போதுமே.

நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். நூல் அறுந்தால் மெஷின் என்ன செய்கிறது? தானே நிற்கிறது, லைட் எரிகிறது, ஆபரேட்டர் வந்து முடிச்சுப் போட்டு ஓட்டுகிறார். ஏன் நின்றாய் என்று அந்த மெஷினை யாரும் திட்டுவதில்லை, நிற்காமல் ஓடினால்தான் துணி முழுக்க ஓட்டை. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் கொண்டுவந்த தானியங்கித் தறியும் இப்படித்தான், நூல் அறுந்தால் தானே நிற்கும். அவருடைய மகன் தொடங்கியதுதான் டொயோட்டா கார் கம்பெனி. தறியில் இருந்த அந்தப் பழக்கத்தைக் கார் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். தப்பைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், இழுத்ததும் லைன் லீடர் ஓடி வருவார், உடனே சரிசெய்ய முடியவில்லை என்றால் லைன் நிற்கும். நின்று நின்று ஓடிய அந்தக் கம்பெனிதான் உலகத்திலேயே அதிகம் கார் விற்கிற கம்பெனியாக வளர்ந்தது. அங்கேயும் டார்கெட் உண்டு, கயிற்றை இழுத்தவனுக்குத் திட்டு மட்டும் கிடையாது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிஷம் கொடுங்கள், ஊசிக் கதை பாக்கி இருக்கிறது. அந்த பி.எம். போன பிறகு இன்னொருவர் வந்தார். முதல் நாள் காலையில் லைனில் நடந்து வந்து, ஊசி ரெஜிஸ்டரைக் கேட்டார். புரட்டிப் பார்த்தார். மாதம் முழுக்க ஏழெட்டுப் பதிவுதான் இருந்தது. "இத்தனை மெஷினுக்கு இவ்வளவுதான் உடைஞ்சுதா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அவர் திட்டவில்லை. "உடைஞ்சா நிறுத்துங்க, தேடுங்க, அந்த அரை மணி நேரத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே அந்த வாரம் முதலாளியிடம் போய்ப் பதிலும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை நான் ரெஜிஸ்டரைத் திறந்தபோது ஒரு பக்கம் முழுக்க நிறைந்திருந்தது. பையிலிருந்து ஊசி எடுத்து மாட்டினாளே, அந்தப் பொண்ணின் கையெழுத்தில் மட்டும் இரண்டு பதிவு, துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, நேரத்தையும் எழுதியிருந்தாள்.

நன்றி, வணக்கம்.