பாண்டியில் ஒரு ஸ்கெட்ச் ஞாயிறு: மஞ்சள் சுவர் போதும், வாய்க்காலைத் தாண்டுங்கள்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அதோ, சிலையைச் சுற்றி இருக்கிற கல்தூண்கள் எல்லாம் செஞ்சியிலிருந்து வந்தவை. காலையில் இந்த ரோட்டில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் நம் ஆட்கள் நடுரோட்டிலேயே சம்மணம் போட்டு ஸ்கெட்ச் புக்கைத் திறந்துவிட்டார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி. சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியேல் கம்பனாரியோ 2007-ல் ஆரம்பித்ததுதான் அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ். இடத்துக்கே போய், கண்ணால் பார்த்து வரைய வேண்டும், போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, அதுதான் முதல் விதி. நம்முடையது சும்மா வாட்ஸப்பில் சேர்ந்த கூட்டம், ஆனால் இந்த ஒரு விதியை மட்டும் விடுவதில்லை.

சரி, இப்போது பிரெஞ்சுப் பகுதியில் டூமா வீதிக்கு வந்துவிட்டோம். பாண்டியில் வரைகிற முக்கால்வாசிப் பேர் இங்கேதான் உட்காருவார்கள், மஞ்சள் சுவர், வெள்ளை பார்டர், மேலே காகிதப்பூ. அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், பிரெஞ்சு வீடு தெருவுக்கு முகத்தைக் காட்டாது, உயரமான மதில், ஒரு பெரிய கேட், வீடும் தோட்டமும் உள்ளே, அதனால் நீங்கள் வரைவது முக்கால்வாசி மதில்தான். அப்புறம் ஒரு டிப்: மஞ்சள் சுவரில் நிழல் போட மஞ்சளோடு கறுப்பைக் கலக்காதீர்கள், பாசி பிடித்த மாதிரி பச்சையாகிவிடும். லேசான ஊதாவைத் தண்ணீரில் கரைத்து மேலே மெல்லிசாக ஒரு வாஷ் விடுங்கள், சுவர் உடனே வெயிலில் நிற்கும். கடல் ஈரத்தில் முதல் வாஷ் காய நேரமாகும், அதுவரை டீ குடியுங்கள்.

இந்த நேர் நேர் வீதிகளை பிரெஞ்சுக்காரர்கள்தான் போட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். 1693-ல் டச்சுக்காரர்கள் பாண்டியைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள், இந்தக் கட்டம் கட்டமான திட்டம் அவர்கள் வரைந்தது. 1761-ல் இங்கிலீஷ்காரன் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினான், திரும்பக் கட்டும்போதும் அதே கட்டத்தின் மேல்தான் கட்டினார்கள். வரைகிறவனுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கிழக்கே போகிற வீதியில் நின்றால் தெருவோட விளிம்பு, ஜன்னல் வரிசை எல்லாம் ஓடிப்போய்ச் சேருகிற புள்ளி கடல் கோட்டின் மேலேயே விழும், பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போக எல்லாம் சிறுத்துத் தெரிவதை, சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டியாச்சு. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான். இது வைசியாள் வீதி, நான் உங்களை இழுத்து வர நினைத்த இடம். இந்த வீட்டை நெருக்கமாகக் காட்டுகிறேன். முதலில் தெரு மேலேயே ஒரு சாய்ப்பு, மரக்காலில் நிற்கிறதே, அதுதான் தாழ்வாரம், தெருவில் போகிறவர்கள் ஒதுங்க. அதற்கு உள்ளே திண்ணை, வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு. அப்புறம்தான் கதவு, கதவு திறந்திருந்தால் முற்றத்து வெளிச்சம் தெரியும். அதாவது ஒரே படத்தில் வெயில், அரை நிழல், இருட்டு, அதற்குப் பின்னால் மறுபடி வெயில். மதிலில் இது கிடைக்குமா? இப்போது மாடியைப் பாருங்கள், வளைவு ஜன்னல், சுண்ணாம்புத் தூண், முழுக்க பிரெஞ்சு ஜாடை. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு, பிரெஞ்சுக்காரர்களுக்கு துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இதே வகைதான். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு இந்த வீதியின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வந்தது. அப்படியும் கூட்டம் அந்தப் பக்கம்தான்.

இங்கே இன்னொரு வசதி, வேடிக்கை பார்க்க ஆள் வரும், வந்தால் பேசும். இந்த வீட்டுப் பாட்டி என் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கரண்ட் மீட்டர விட்டுட்ட?" என்றார். "அழகா இல்லையே பாட்டி" என்றேன். "பில்லு நான்தான கட்றேன், போடு" என்றார். போட்டேன். அந்தக் கறுப்புப் பெட்டியும் அதிலிருந்து தொங்குகிற ஒயரும் வந்த பிறகுதான் அந்த வெளிர் சுவருக்கு ஒரு பிடிப்பே கிடைத்தது, பாருங்கள்.

பாரதி பூங்காவில் எல்லாருடைய புத்தகத்தையும் தரையில் பரப்பிவிட்டோம். ஆயி மண்டபத்தை ரெண்டு பேர் போட்டிருக்கிறார்கள், தூண் கொஞ்சம் குண்டு, பரவாயில்லை. மஞ்சள் கேட் எத்தனை என்று எண்ணவே வேண்டாம். ஒரு காலேஜ் பெண் மட்டும் தாழ்வாரத்து ஓடுகளையும் அதன் கீழே நிறுத்தியிருந்த டிவிஎஸ் ஃபிப்டியையும் பேனாவிலேயே போட்டிருக்கிறது, கலரே இல்லை, இன்றைக்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்த முறை காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம். மடக்கு ஸ்டூல், தண்ணீர் பாட்டில், தண்ணீரில் கரையாத இங்க் பேனா கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், டீக்கு ஆள் கணக்கு வேண்டும்.