மனம் மாறியதை மழை சொல்லுமா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "என் சிறுகதையில் வரும் மகனுக்கு அப்பாவைக் கண்டாலே ஆகாது. அவருடைய சைக்கிள் மணி கேட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். முடிவில் அவன் மனம் மாறுகிறான். அதைக் குறியீடாகக் காட்ட மழை பெய்வதாக எழுதினேன். படித்தவர்கள் ஒட்டவில்லை என்கிறார்கள். குறியீடு வைத்தது தப்பா?"

குறியீடு தப்பில்லை. ஆனால் அந்த மழைக்கும் உங்கள் பையனுக்கும் முன்பின் பழக்கமே இல்லையே! எழுத்தாளர் மாடியில் வாளியோடு நின்று தண்ணீர் ஊற்றுவதுதான் வாசகர் கண்ணுக்குத் தெரிகிறது.

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வில் ஓர் இடம் இருக்கிறது. அண்ணன் குடும்பத்துச் சண்டையைத் தீர்த்துவைக்க அன்னா மாஸ்கோ போகிறாள். அங்கே விரான்ஸ்கி என்ற இளம் ராணுவ அதிகாரியைச் சந்திக்கிறாள். திரும்பி வரும்போது அவனும் அதே ரயிலில் வருகிறான். பீட்டர்ஸ்பர்க்கில் இறங்குகிறாள், கணவன் வந்து நிற்கிறான். அவள் கண்ணில் முதலில் படுவது அவனுடைய காது. தொப்பியின் விளிம்பு அந்தக் காதுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இவர் காது ஏன் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறாள்.

காது அப்படியேதான் இருக்கிறது. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவள், இன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறாள். அவள் மனசு எங்கே போய்விட்டது என்று அவளுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது, வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. நான் முதல் தடவை படித்தபோது இதை ஏதோ வர்ணனை என்று தாண்டிப் போனேன். அடுத்து வீட்டுக்குப் போய் மகனைப் பார்க்கிறாள். ஆசையாக நினைத்துக்கொண்டு வந்த பிள்ளை, நேரில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறான். பெற்ற தாய்க்கு! அதைப் படித்த பிறகுதான் காதுக்குத் திரும்பிப் போனேன்.

டால்ஸ்டாயின் இன்னொரு நாவலான 'போரும் அமைதியும்'-இல் வரும் ஓக் மரத்தைப் பலரும் உதாரணம் சொல்வார்கள். போகும்போது மொட்டையாக நின்ற மரம், கதையின் முக்கியப் பாத்திரமான ஆந்த்ரேய் திரும்பி வரும்போது தழைத்து நிற்கிறது. அழகான இடம்தான். ஆனால் என்ன அர்த்தம் என்று அவனே மரத்தைப் பார்த்து யோசித்துவிடுவதால், எனக்குக் காதுதான் உசத்தி.

நம் மொழியிலேயே ஒன்று சொல்கிறேன். புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'சாப விமோசனம்'. தொடக்கத்தில் அகலிகைக்குக் கல் என்பது தண்டனை. ராமன் கால் தூசி பட்டு உயிர் வருகிறது. ராமன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பின்னால் சீதை வந்து, தன்னைத் தீக்குளிக்கச் சொன்ன கதையைச் சொல்கிறாள். அவரா கேட்டார் என்பதுதான் அகலிகையின் அதிர்ச்சி. தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா? கடைசியில் கணவன் அணைக்க வரும்போது அவள் மனத்துக்கு அவன் இந்திரனாகத் தெரிகிறான். அவள் மறுபடி கல்லாகிறாள். அதே கல்தான், ஆனால் இப்போது அது அவளுக்கு விடுதலை. தலைப்பை இன்னொரு முறை படித்துப் பாருங்கள், எந்தச் சாபம், எது விமோசனம் என்று குழம்பும்.

ஆக, ஒரு பொருள் கதையில் இரண்டு முறை வர வேண்டும். முதல் முறை வரும்போது அது சாதாரணமாக இருக்க வேண்டும், குறியீடு என்று யாருக்கும் தோன்றக் கூடாது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். மழையை எடுத்துவிடுங்கள். சைக்கிள் மணியை நீங்களே முதல் பக்கத்தில் வைத்துவிட்டீர்களே, பிறகு எதற்கு மழை? கடைசியில் தெருமுனையில் அந்த மணி கேட்கட்டும். பையன் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கட்டும். "அவன் எழுந்திருக்கவில்லை" என்று எழுதி அங்கேயே முடித்துவிடுங்கள்.