ஆற்றுக்கு நடுவே ஒரு காடு

அவையோருக்கு வணக்கம்.

தினமும் காவிரிப் பாலத்தில் ஏறி இறங்குகிறோம். ஒரு தீவுக்குப் போய் வருகிறோம் என்ற நினைப்பு மட்டும் நமக்கு வருவதே இல்லை. ஸ்ரீரங்கத்தைத்தான் சொல்கிறேன். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது, கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. இடையில் கிடக்கும் நிலம் முழுவதும் தீவு. ஆற்றுக்கு நடுவே இப்படிக் கிடக்கும் நிலத்துக்குப் பழைய தமிழில் துருத்தி என்று பெயர். திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரில் இருப்பது அந்தச் சொல்தான். அரங்கம் என்பதற்கும் ஆற்றிடைக்குறை என்ற பொருள் உண்டு.

கோயில்கள் உலகம் அறிந்தவை. நான் பேச வந்தது தீவின் மேற்குப் பக்கத்தைப் பற்றி. அங்கே மேலணைக் காப்புக்காட்டில், சுமார் 25 ஏக்கரில், 2015-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு இடம் அமைவது பெரிய கொடுப்பினை.

சரி, அங்கே எதைப் பார்ப்பது? ஒரு எருக்கஞ்செடி முன்னால் உட்காருங்கள். இலையை மெல்லத் திருப்பினால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டை, குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, ஒட்டியிருக்கலாம். பக்கத்து இலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். அதன் முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள் ஆடும். எருக்கம்பால் நமக்கு விஷம். இந்தப் புழுவோ அதைத் தின்று, அந்த விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இறக்கை முளைத்துப் பறக்கும்போதும் அது கூடவே இருக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்ட வராது.

அப்புறம், கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. எந்தச் செடியில் முட்டையிடும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பாடப்புத்தகமே தேவையில்லை.

இந்தப் பகுதியை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே ஊஞ்சல், செயற்கை நீரூற்று, செல்ஃபி எடுக்க ஒரு பொம்மை என்று பட்டியல் போடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. புல்தரை போடுவதற்காக எருக்கைப் பிடுங்கினால் வெந்தய வரியன் எங்கே முட்டையிடும்? மண்பாதை போதும். செடிகளுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகை வையுங்கள். பக்கத்துக் கிராமத்து இளைஞர்களைப் பழக்கி, வழிகாட்டிகளாகச் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள்.

ஆற்று மணலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கோடையில் ஆட்காட்டிக் குருவி திறந்த தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். பைக்கில் போகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அந்த மாதங்களில் மணலில் வண்டி இறங்கக் கூடாது.

கரையோரம் கட்டடம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டத் தொடங்கிய மேலணை, 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகளை வெள்ளத்தில் இழந்தது. அவ்வளவு வேகமான ஆறு இது.

மழை விட்ட பிறகு ஒருநாள் வாருங்கள். விடியற்காலையில் வரவேண்டாம், வெயில் கொஞ்சம் ஏறட்டும். உடம்பு சூடானால்தான் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும்.