மிரட்சி பிறக்கும் இடம்: கால்நடை நல விழாவில் ஆற்றிய உரை

அவைத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன் கோமாரித் தடுப்பூசி குறித்து அருமையாக விளக்கி அமர்ந்த கால்நடை உதவி மருத்துவர் அவர்களே, பால் கறக்கும் நேரம் என்றும் பாராமல் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மழை மிரட்டும் மாலையில் பந்தலிட்டு, எளியேனுக்குப் பொன்னாடையும் போர்த்திய வாசகர் வட்டத்தாருக்கு என் நன்றி உரியது.

‘மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பார்கள். அந்த மிரட்சி மூளையில் எப்படி உண்டாகிறது, தீபாவளி வெடியால் விலங்குகள் மிரளாதிருக்க நாம் என்ன செய்யலாம் என்பதே என் பேச்சு. விலங்குகளின் நடத்தையை ஆளும் நார்எபிநெப்ரின், செரோட்டோனின், டோபமைன் ஆகிய மூன்று மோனோஅமீன்களையும், அதாவது நரம்புகள் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களையும், ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல எண்ணம்.

முதலாவது நார்எபிநெப்ரின். நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் பொருள்களில் இதுவும் ஒன்று என்று 1946-இல் காட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர், 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளைத்தண்டில் லோகஸ் செரூலியஸ் என்றொரு சிறு நரம்புத் தொகுதி உள்ளது. எலிக்குப் பக்கத்திற்குச் சுமார் 1,500 செல்களே அதில் உண்டு. ஆயினும் அவற்றின் இழைகள் பெருமூளைப் புறணி முதல் தண்டுவடம் வரை பரவி நார்எபிநெப்ரினைச் சுரக்கின்றன. கனவுத் தூக்கத்தில் அச்செல்கள் அநேகமாக அடங்கிக் கிடக்கும், விழித்ததும் துடிக்கும், திடீரென ஓசை கேட்டால் ஒருசேரத் துடிக்கும். சுரப்பு அளவோடு இருந்தால் விலங்கு தன் காரியத்தில் கண்ணாக இருக்கும். மிகுந்தால் கவனம் சிதறி, தொட்டதற்கெல்லாம் திடுக்கிடும்.

என் பெரியப்பா மகன் ஆட்டுக்கிடையில் வீரன் என்றொரு நாய் இருந்தது. நள்ளிரவில் நரி வந்தால் தனியாகவே துரத்திவிட்டு, வாலை நிமிர்த்திக்கொண்டு திரும்பும். ஒரு தீபாவளியன்று பொடியன்கள் அதன் பக்கத்தில் அணுகுண்டு வெடியைக் கொளுத்திவிட்டார்கள். போன வீரனைக் காணோம். கிணற்றடி, வைக்கோற்போர், கண்மாய்க்கரை என்று ஊரே தேடியது. கடைசியில் பெரியம்மா நெல் எடுக்கப் போனபோது, குதிருக்குப் பின்னால் இரண்டு கண்கள் மின்னுவதைக் கண்டு அவர் போட்ட கூச்சலில், உள்ளே இருந்த வீரன் இன்னும் உள்ளே போய்விட்டது! சோற்றுருண்டை வைத்தும் வரவில்லை. கறித்துண்டு வைத்தும் வரவில்லை. அதன்பின் குக்கர் விசில் அடித்தாலும் கட்டிலுக்கடியில்தான் அதன் வாசம். “பேரு மட்டுந்தான்டா வீரன்” என்று பெரியம்மா சொல்லாத நாளில்லை.

வீரன் கோழையல்ல, பெரியம்மா. அச்சம் நேரும் கணத்தில் மூளையின் அமிக்டலா பகுதியில் சுரக்கும் நார்எபிநெப்ரின், அந்த நினைவை ஆழப் பதிய வைக்கிறது என்பதை அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மெக்காவின் எலி ஆய்வுகள் தெளிவாக்கின. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மிரண்ட நாயின் காதுக்குக் குக்கர் விசிலும் அணுகுண்டுதான். வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய்களின் ஈறில் தடவ, டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் மருந்தை அமெரிக்க அரசு அனுமதித்திருக்கிறது. லோகஸ் செரூலியஸ் நார்எபிநெப்ரினை விடுவிப்பதைக் குறைப்பதே அம்மருந்தின் வேலை.

இரண்டாவதான செரோட்டோனின், தனித்துத் திரியும் பாலைவன வெட்டுக்கிளியைச் சில மணி நேரத்தில் கூட்டம் நாடும் பூச்சியாக்குகிறது. 2009-இல் வெளியான ஆய்வு இது. டோபமைனுக்கு வருமுன் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நானும் தீபாவளிக்கு வந்துவிடுகிறேன். இந்த மேடைக்கு நான் ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்காதா? நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று 2018 முதல் நேரம் வகுத்திருக்கிறார்கள். அதை நாம் மதிக்கும் இலட்சணம் உங்களுக்கே தெரியும். மத்தாப்பையும் புஸ்வாணத்தையும் நான் தடுக்கவில்லை. மாட்டுக்கொட்டகை, கிடை, பறவைகள் அடையும் நம்மூர் ஆலமரம் இம்மூன்றின் பக்கமும் வெடி வேண்டாமென்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருமாறு அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன். மனு மேடையோரம் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்குச் செல்லுங்கள். வணக்கம்.