மேடு முதலில், திரை பிறகு

நேயர்களுக்கு வணக்கம். மாதிரி ரயில் அமைப்பதில் ஈடுபாடு உள்ளவர்கள் தண்டவாளம், நிலையம், பாலம், சரக்குக் கிடங்கு என்று எல்லாவற்றையும் முடித்த பிறகு, ஊருக்கு வெளியே வெறுமையாகக் கிடக்கும் ஒரு மூலையில் என்ன வைக்கலாம் என்று யோசிப்பது வழக்கம். 1950-களின் அமெரிக்காவைப் பலகையின்மேல் உருவாக்குகிறவர்களுக்கு அந்த மூலையில் வைக்க டிரைவ்-இன் திரையரங்கைவிடப் பொருத்தமான வேறொன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காரிலேயே வந்து, காரில் இருந்தபடியே படம் பார்த்துவிட்டுப் போகும் அந்தத் திறந்தவெளி அரங்குகள், அந்தப் பத்தாண்டின் இறுதியில் அமெரிக்கா முழுவதும் 4,000-க்கும் மேல் இருந்தன. அப்படிப்பட்ட அரங்கு ஒன்றை, உண்மையாகவே படம் ஓடும்படி சிற்றுருவில் எப்படி அமைப்பது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

படம் ஓட வேண்டும் என்றதும் எல்லோருடைய கவனமும் திரையின்மேல் போய்விடுகிறது. சிறிய எல்.சி.டி. திரை ஒன்றை வாங்கி, அதைச் சுற்றி ஒரு சட்டத்தைக் கட்டி, முன்னால் சமதளத்தில் நாலைந்து கார்களை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கார்களில் ஏதாவது ஒன்றுக்குள் நம்மால் உட்கார முடிந்தால் என்ன தெரியும் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. இரண்டாவது வரிசையில் இருப்பவருக்கு முன்னால் நிற்கும் காரின் கூரைதான் தெரியும். அரங்கிலுள்ள ஒவ்வொரு காரிலிருந்தும் படம் முழுமையாகத் தெரிந்தால்தான் அதை இயங்கும் அரங்கு என்று நான் ஒப்புக்கொள்வேன். அதற்கு வேண்டியது தரையில் எழுப்பப்படும் மேடு.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்வதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு என்பதால் நேயர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர், காரில் அமர்ந்து படம் பார்க்க முடியுமா என்பதைத் தம் வீட்டுக் கார்ப் பாதையிலேயே சோதித்துப் பார்த்தார். மரங்களில் ஒரு துணியை ஆணியடித்துத் திரையாக்கி, காரின் முன்மூடியின்மேல் ஒரு வீட்டு உபயோகப் படக்கருவியை வைத்து, திரைக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியை ஒலிக்கவிட்டு அவர் பார்த்தார். மழை வந்தால் கண்ணாடி வழியே படம் தெரியுமா என்று அறிய, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காரின்மேல் திருப்பிவிட்டார் என்றும் சொல்வார்கள். ஆனால் உண்மையான சிக்கல், ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு காரை நிறுத்தியபோதுதான் எழுந்தது. திரையரங்கில் உயரமானவர் ஒருவர் முன்னிருக்கையில் அமர்ந்துவிட்டால் நாம் படும் பாடு நேயர்களுக்குத் தெரியும். நாமாவது கழுத்தைச் சாய்த்துக்கொள்ளலாம், காரால் அது முடியாது. ஆகவே அவர் முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்துக் காரின் முகத்தை உயர்த்திப் பார்த்தார்; எந்த உயரத்தில், எந்த இடைவெளியில் நிறுத்தினால் பின்னால் இருப்பவரின் பார்வை முன்னால் உள்ள கூரைக்கு மேலாகச் செல்கிறது என்று கணக்கிட்டார்.

1933-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் உயிர்நாடி, வளைந்த வரிசைகளாக அமைந்த அந்தச் சரிவு மேடுகள்தாம். அதே ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், கேம்டன் நகருக்கு அருகே அவருடைய அரங்கு திறக்கப்பட்டது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட் என்று கட்டணம் வாங்கினார்கள், எத்தனை பேர் வந்தாலும் ஒரு காருக்கு ஒரு டாலருக்கு மேல் இல்லை. பிறகு 1949-இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நிலத்தைச் சரித்து மேடாக்குவதைப் புதுப்புனைவாகக் கொள்ள முடியாது என்ற நோக்கில் அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கிவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பலகையின்மேல் அந்த மேட்டை ஒருமுறை அமைத்துப் பார்த்தவர் எவரும், அது வெறும் மண் வேலை என்று சொல்ல மாட்டார்.

இனி அளவுகளுக்கு வருகிறேன். மாதிரி ரயில் அளவுகளில் பரவலாகப் புழங்கும் எச்.ஓ. அளவில், உண்மையான ஓர் அடி நமக்கு மூன்றரை மில்லிமீட்டர். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே உண்மை அரங்கில் சுமார் 40 அடி இருக்கும். நமக்கு அது 14 சென்டிமீட்டர். பத்து வரிசை வைத்தால் அதுவே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆகிவிடும், ரயில் ஓட இடம் இருக்காது. ஆகவே வரிசைகளின் எண்ணிக்கையை மூன்றாகவோ நான்காகவோ குறைத்துக்கொள்ளுங்கள். வரிசைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் குறைக்காதீர்கள், ஏனெனில் காரைத் திருப்பி வெளியே கொண்டுபோகும் வழியும் அதற்குள்தான் அடங்குகிறது. வரிசைகள் நேர்கோடாக இல்லாமல் வில்லாக வளைய வேண்டும். திரையின் அடியில் ஓர் ஊசியைக் குத்தி, அதில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் பென்சிலை வைத்து இழுத்தால் வளைவு தானே வந்துவிடும்.

மேட்டின் உயரம் பலரும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. எச்.ஓ. அளவுக் காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். ஐந்து பாகைச் சரிவு வேண்டுமானால் முன்சக்கரம் மூன்று மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டையை வளைவாக வெட்டி ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர் பூசி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, சலித்த கல்தூளைத் தூவிவிட்டால் மேடு கிடைத்துவிடும். திரைக்கு அருகில் உள்ள வரிசைகள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருப்பதால் அவற்றுக்குச் சரிவு கூடுதலாகவும், பின்வரிசைகளுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டர் பூசுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். திரையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு நூலை எடுத்து, ஒவ்வொரு காரின் முன்கண்ணாடி வரை இறுக்கமாகப் பிடியுங்கள். வழியில் அது எந்தக் கூரையையும் தொடக்கூடாது. தொட்டால் மேட்டை உயர்த்துங்கள், அல்லது திரையை உயர்த்துங்கள். உண்மை அரங்குகளில் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்பதற்கும், அதன் அடியில் குழந்தைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் வைக்க இடம் கிடைத்ததற்கும் இதுவே காரணம். மேடு முதலில், திரை பிறகு என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

இப்போது திரை. ஏழு அங்குல எல்.சி.டி. திரை ஒன்று சுமார் 155 மில்லிமீட்டர் அகலமும் 87 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும், எச்.ஓ. அளவில் அது 44 அடிக்கு 25 அடி, ஒரு சிற்றூர் அரங்குக்கு ஏற்ற அளவு. எச்.ஓ.வைவிடச் சிறிய, 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் அளவில் ரயில் ஓட்டுகிறவர்களுக்கு ஐந்து அங்குலக் கைப்பேசித் திரையே தாராளம். உங்கள் ரயில் 1953-க்கு முந்தைய காலத்தில் ஓடுகிறது என்றால், பக்கங்களை மறைத்து, நான்குக்கு மூன்று என்ற பழைய விகிதத்துக்குப் படத்தைச் சுருக்குங்கள். சினிமாஸ்கோப் வந்தது அந்த ஆண்டில்தான், அகலத்திரைக்காகப் பல அரங்குகள் தங்கள் திரையை இருபுறமும் நீட்டிக் கட்டியது அதற்குப் பிறகே. வாங்கும்போது திரையைக் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். மலிவான திரைகள் சில, கோணம் மாறியதும் வெளுத்தோ கறுத்தோ போய்விடும்.

இந்தத் திரைகளில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அவை அளவுக்கு மீறி ஒளிர்கின்றன. டிரைவ்-இன் படம் எப்போதும் மங்கலாகவே இருந்தது. படக்கருவிக்குள் எரிந்த கார்பன் ஆர்க் விளக்கின் ஒளி நெடுந்தூரம் சென்று பெரிய பரப்பில் விழுந்து திரும்ப வேண்டியிருந்தது. நீங்கள் வெளிச்சத்தை முழுவதும் திறந்துவிட்டால், வயல்வெளியில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி நிற்பதாகத்தான் தெரியும். வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள், நிறத்தின் அடர்த்தியைக் குறையுங்கள், மேலே பளபளப்பை மறைக்கும் படலம் ஒன்றை ஒட்டுங்கள். திரையின் ஒளி கார்களின் கூரைகளிலும் குரோமியப் பட்டைகளிலும் படம் மாறும்போதெல்லாம் அசைய வேண்டும். அந்த அளவுக்கு வெளிச்சம் இருந்தால் போதும். இரண்டாவது குறை, அணைத்தவுடன் இந்தத் திரை கறுப்பாகிவிடுகிறது. உண்மைத் திரை பகலில் வெள்ளைச் சுவராக நிற்கும். பகற்காட்சியும் வேண்டும் என்பவர்கள், பின்புறமிருந்து ஒளி பாய்ச்சும் முறையை நாடலாம்: பலகைக்கு அடியில் சிறு ப்ரொஜெக்டர், திரைக்குப் பின்னால் 45 பாகை சாய்ந்த கண்ணாடி, முன்னால் ஒளி ஊடுருவும் வெண்தாள். பின்னாலிருந்து பாய்ச்சுவதால் மாறும் இடவலத்தை அந்த ஒற்றைக் கண்ணாடியே சரிசெய்துவிடும், படம் தலைகீழாக விழுந்தால் மட்டும் ப்ரொஜெக்டரைத் திருப்பி வையுங்கள். மிகச் சிறிய படத்தை அருகில் கூர்மையாகக் காட்ட எல்லா ப்ரொஜெக்டர்களாலும் முடியாது என்பதால், வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது நல்லது.

திரையின் முகம் பார்வையாளர் நிற்கும் பக்கம் இருக்கட்டும். ரயில்பாதை அதன் முதுகுக்குப் பின்னால் போகட்டும். முன்பக்கம் போனால், எஞ்சினின் விளக்கொளி ஒவ்வொரு முறையும் படத்தின் குறுக்கே ஓடும். திரையின் முதுகும் வீணாகாது, நெடுஞ்சாலையைப் பார்த்த அந்தப் பக்கத்தில்தான் பல அரங்குகள் தங்கள் பெயரை நியான் விளக்கில் எழுதி வைத்தன.

ஒலியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், ஆனால் கடிகாரம் இடம் தரவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் திரையருகே இருந்த பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்துதான் ஒலி வந்தது. 500 அடி தள்ளி நின்ற காருக்கு அது ஏறக்குறைய அரை நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கம்பத்தில் தொங்கி, கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கிகள் 1940-களில் வந்தன. அந்தக் கம்பம் நமக்கு 14 மில்லிமீட்டர் உயரப் பித்தளைக் கம்பி, இரண்டு கார்களுக்கு ஒன்று. உண்மையான ஒலி, மேடுகளுக்கு அடியில் மறைத்த சின்னஞ்சிறு ஒலிபெருக்கியிலிருந்து, குனிந்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு வரட்டும். அதன் தகர ஓசை இங்கே பொருத்தமாகவே இருக்கும். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தைத் திரைக்குக் கொடுக்காதீர்கள், ஐந்து வோல்ட் அடாப்டர் ஒன்றைத் தனியே வையுங்கள். மின்சாரம் வந்ததும் படம் தானாகத் தொடங்கித் திரும்பத் திரும்ப ஓடும்படி அமைத்துவிடுங்கள். கார்களுக்குள் விளக்கு வைப்பது பற்றிச் சொல்ல நேரம் இல்லை. வைப்பதானால், படம் ஓடும்போது முகப்பு விளக்கு எரியும் காரை எந்த வரிசையிலும் நிறுத்தாதீர்கள், டிக்கெட் கூண்டுக்கு வெளியே வந்துகொண்டிருக்கும் காருக்கு மட்டும் வையுங்கள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.