செல்போன சைலன்ட்ல போடலாம், வீடு தேடி வந்த பெரியம்மைய போட முடியுமா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில இருக்குற அக்காமாரே அண்ணன்மாரே, வடம் இழுத்து கை தோல் உரிஞ்சும் வீட்டுக்குப் போகாம பட்டிமன்றம் கேக்க உக்காந்திருக்குற நம்ம ஊர் இளவட்டங்களே, எல்லாருக்கும் ஓண வாழ்த்துகளும் வணக்கமும்.

தலைப்ப இன்னொருக்க சொல்லிடுறேன், பின்னால மைக் சரியா கேக்கலன்னு ஒரு சத்தம் வந்துது. ‘பச்சப்பிள்ளையோட பகல் ஒறக்கத்தப் பெரிதும் கெடுப்பது கையில இருக்குற செல்போனா, வீடு தேடி வாற சொந்தக்காரங்களா?’ நான் சொந்தக்காரங்கதான்னு பேச வந்திருக்கேன். முன்வரிசையில பாருங்க, எங்க அம்மை, பெரியம்மை, மயினி, அந்தாப்புல எங்க மாமி, எல்லாரும் வரிசையா இருக்காவ. இங்க நான் எவ்வளவு கைதட்டு வாங்குனாலும் ராத்திரி சோறு அவியதான் வெளம்பணும். தெரிஞ்சேதான் பேசுறேன்.

எதிரணி அக்கா எடுத்த எடுப்புலயே ஒரு கேள்வி கேட்டாவ, பிள்ளைய ஒறக்குறது அம்மமாரு வேல, மீசை வச்ச இந்தத் தம்பிக்கு அதுல என்ன தெரியும்னு. அக்கா, நான் ரப்பர் வெட்டுறவன். ராத்திரி ரெண்டரை மூணு மணிக்கு நெத்தியில லைட்ட கெட்டிக்கிட்டு தோட்டத்துல ஏறணும், ஏன்னா குளுந்த நேரத்துலதான் மரம் நல்லா பால் விடும். சிரட்ட சிரட்டையா எடுத்து ஊத்தி, ஒறைய வச்சு, ஷீட் அடிச்சு, குளிச்சு வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கும்போ பத்து மணி தாண்டிரும். அதுக்குள்ள வீட்டுக்காரி மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிருப்பா, ஜவுளிக்கடை வேல. சாயங்காலம் அவ வாறது வரைக்கும் அஞ்சு மாசப் பிள்ளைக்கு அம்மையும் நான்தான் அப்பனும் நான்தான். அவ கண்ண மூடுனாத்தான் நான் கண்ண மூட முடியும். பகல் ஒறக்கத்தோட அருமை என்னை விடத் தெரிஞ்சவங்க இந்த மேடையில யாராவது உண்டும்னா கை தூக்குங்க. பாருங்க நடுவர் ஐயா, ஒரு கை எழும்பல.

சரி, வழக்குக்கு வாறேன். எதிரணித் தலைவர் அண்ணன் சொன்னாரு, இப்ப உள்ளதுக பிள்ளை மொகத்தப் பாக்குறதில்ல, போன்ல ஆப்பப் பாக்குது, ஒண்ணரை மணி நேரம் ஆச்சு ஒறக்கு, முக்கால் மணி ஆச்சு எழுப்புன்னு பிள்ளைய பஸ் டைம் மாதிரி ஓட்டுதுன்னு. நல்ல கைதட்டு. நானும் தட்டுனேன். ஆனா அண்ணன், அந்த ஆப் சொல்லுற சங்கதி ஒண்ணும் பொய்யில்லியே! ரெண்டு மாசப் பிள்ளையால ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல முழிச்சிருக்க ஏலாது, அஞ்சு மாசத்துக்கு ரெண்டு மணி, ரெண்டேகால் மணி நேரம், பிள்ளைக்குப் பிள்ளை கூடும் கொறையும். அந்த நேரம் முடியப் போகுதுன்னு பிள்ளையே சொல்லும். வெளையாட்டுல இருந்து மொகத்தத் திருப்பும், எங்கயோ வெறிச்சுப் பாக்கும், புருவம் செவக்கும், காதைப் புடிச்சு இழுக்கும், கண்ணைக் கசக்கும். கொட்டாவி வாறதும் உண்டு. அப்ப பைய எடுத்துத் தோள்ல போட்டா ஒறங்கிரும். அந்த நேரத்த விட்டாச்சுன்னா போச்சு, வெயில் ஏறுன பொறவு ரப்பர் மரத்த வெட்டுனது போலத்தான், எவ்வளவு நேரம் நின்னாலும் வர வேண்டியது வராது. ஒடம்பு வளைச்சு வெப்ராளப்பட்டு அழும், நாம பசின்னு நெனைப்போம், வயித்துவலின்னு நெனைப்போம், ஒறக்கம் தாண்டிப்போன அழுகை அது.

இப்ப சொல்லுங்க, அந்த நேரத்த தாண்ட வைக்கறது யாரு?

எங்க வீட்டுல மணி பதினொண்ணு. பிள்ளை காதைப் புடிச்சிட்டா. நான் தோள்ல போட்டு முற்றத்துல ரெண்டு சுத்து சுத்துறேன், கண்ணு சொருகுது, இமை பாதி மூடி வெள்ள மட்டும் தெரியுது, வாய்ல இருந்து எச்சி என் தோள்ல ஒழுகுது. அப்பதான் கேட்டுல கொண்டி சத்தம் ‘டங்’. ‘ஏ மக்ளேஏஏ, பிள்ள எங்கடே?’ பெரியம்மை. கையில ஒரு டப்பா முந்திரிக்கொத்து, மட்டிப்பழம் ஒரு சீப்பு, கூட ரெண்டு பேரு. பிள்ளை ரெண்டு கையும் விரிச்சு தூக்கி வாரிப்போட்டு முழிச்சிட்டா. (பிறந்ததுல இருந்து நாலஞ்சு மாசம் வரைக்கும் பிள்ளைகளுக்கு இந்த தூக்கிவாரிப்போடுறது இயற்கையா உள்ளது, டாக்டர் சொன்னாரு, பயந்த கோளாறு ஒண்ணும் இல்ல, மந்திரிக்க ஓட வேண்டாம்.) நான் சொன்னேன், பெரியம்மை, இப்பதான் கண்ணு மூடுனா. அதுக்கு வந்த பதில நடுவர் ஐயா குறிச்சுக்கணும். ‘அதுக்கென்ன, நாங்க இம்புட்டு தூரம் வந்திருக்கோம், மொகத்தப் பாத்துட்டுப் போறோம், பொறவு ஒறங்கட்டும்.’ பிறகு எப்படி ஒறங்கும்? கன்னத்தக் கிள்ளி, தாடையைப் புடிச்சு ஆட்டி, கொப்பன் மூக்கா அம்மை மூக்கான்னு ஒரு பட்டிமன்றம் நடத்தி, மூணு மடி மாறி, அவிய டீ குடிச்சுட்டு பஸ்ஸுக்குப் போனதுக்குப் பொறவு பிள்ளை தொடங்குன அழுகை மூணு மணிக்குத்தான் நின்னுது. போன் அடிச்சா சைலன்ட்ல போடலாம் ஐயா, பெரியம்மையை எதுல போட?

பெரியம்மை சிரிக்குது. நல்ல மனசு. ஆனா வழக்கு வழக்குதான்.

அடுத்தது சட்டம் போடுறவிய. ‘பகல்ல ஒறங்க விடாதடே, ராத்திரி ஒறங்காது.’ இத சொல்லாத ஒரு வீடு நம்ம மாவட்டத்துல, ஆரல்வாய்மொழியில இருந்து களியக்காவிளை வரைக்கும் உண்டுமா? பெரிய ஆளுக்கு அது சரியா இருக்கலாம், பச்சப்பிள்ளைக்கு அப்படியே தலைகீழ். உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லிருக்கு, மூணு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு 14-ல இருந்து 17 மணி நேரம், நாலுல இருந்து பதினொரு மாசம் வரைக்கும் 12-ல இருந்து 16 மணி நேரம் ஒறங்கணும், பகல் ஒறக்கத்தையும் சேத்து. இதுல பகல்ல உள்ளத வெட்டிட்டு ராத்திரியில கூட்டிக்கிடலாம்னு பிள்ளைகிட்ட கணக்கு பேச முடியாது. பகல்ல ஒறங்காத பிள்ளை ராத்திரி களைச்சுப்போயி இன்னும் அதிகமா முழிச்சு அழுறதுதான் பெரும்பாலும் நடக்கும். பிறந்த பிள்ளைக்கு ராத்திரி பகல் தெரியாதது உண்மைதான், அந்தக் கணக்கு ஒடம்புக்குள்ள உருவாக ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்கு வழி, பகல்ல ஜன்னலத் தொறந்து வெளிச்சம் காட்டுறது, ராத்திரி லைட்ட கொறச்சு பேச்சக் கொறச்சு பால் கொடுக்கறது. கண்ணு சொருகுற பிள்ளையோட உள்ளங்கால சுரண்டி சுரண்டி எழுப்புறது இல்ல. எங்க மாமி... வேண்டாம், மாமி பாக்குறாவ.

இன்னொரு கூட்டம் இருக்கு, இவிய பிள்ளைய எழுப்ப மாட்டாவ, பக்கத்துல உக்காந்து காவல் இருப்பாவ. அதுதான் அதவிட ஆபத்து. பிறந்த கொஞ்ச மாசத்துக்கு பிள்ளைகளோட ஒறக்கத்துல ஏறக்கொறைய பாதி மேலோட்டமான ஒறக்கம். இமைக்குள்ள கண்ணு உருளும், உதடு சப்பும், சிரிக்கும், முனகும், கால உதைக்கும். இத பாத்ததும் ‘நரி வெரட்டுது’ன்னு சொல்லிச் சிரிச்சிட்டு விட்டுருந்தா நம்ம பழைய பாட்டிமாரு போல நல்லதா போயிருக்கும். இப்ப உள்ள காவல்காரங்க விடுறதில்ல. ‘ஐயோ முழிச்சிட்டு’ன்னு லபக்குன்னு தூக்கிருவாவ. அது முழிக்கல ஐயா! ஒரு நிமிஷம் கைய கெட்டிக்கிட்டு பாத்திருந்தா, அதுவே அடுத்த சுத்து ஒறக்கத்துக்குப் போயிருக்கும். தூக்குனதுலதான் முழிச்சுது, முழிச்ச பொறவு ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ன்னு பேச்சு வேற.

எதிரணி தங்கச்சி ஒருத்தி நல்ல பாயிண்ட் சொன்னா, சொந்தக்காரங்க இல்லன்னா தோள்ல போட்டு நடக்க யாரு இருக்கா, போனா நடக்கும்னு. நடக்காதுதான். நடக்கறது எவ்வளவு நல்லதுன்னு நானே சொல்றேன். ஜப்பான்ல ரிக்கன் ஆராய்ச்சி நிறுவனத்துல 2022-ல 21 பிள்ளைகள வச்சுப் பாத்திருக்காவ. அழுற பிள்ளைய தூக்கிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நிக்காம நடக்கணும், ஒறங்குன பொறவு உடனே கெடத்தாம மடியில வச்சு அஞ்சுல இருந்து எட்டு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணும், அதுக்குப் பொறவு படுக்க வச்சா ஒறக்கம் நிக்குதாம். பிள்ளை முழிக்கறது முதுகு மெத்தையில படும்போதில்லையாம், நம்ம ஒடம்புல இருந்து பிரியுற அந்த நேரத்துலதானாம். நான் வீட்டுல இப்படித்தான் செய்யுறேன், பல நாள் நடக்குது, சில நாள் நடக்கல. ஆனா தங்கச்சி, அதுக்கு ஒரே ஆள் பத்து பன்னெண்டு நிமிஷம் ஒரே பிள்ளைய வச்சிருக்கணும். சொந்தக்காரங்க வந்த வீட்டுல பத்து நிமிஷம் பிள்ளை ஒரு கையில இருக்குமா? ‘எங்கிட்ட தா, எங்கிட்ட தா’ன்னு, ஒருத்தர் ஒடம்புல இருந்து பிரிச்சு அடுத்தவங்க ஒடம்புல ஒட்டி, மறுபடி பிரிச்சு. பிள்ளை பிறந்து இருபத்தெட்டாம் நாள் நடத்துற இருபத்தெட்டு கெட்டு சடங்குக்கு எடுத்த போட்டோ பாருங்க, ஒரு படத்துலயாவது பிள்ளை ஒரே ஆள் கையில ரெண்டு தடவ இருக்கான்னு.

மருந்து சொல்லுறவியள விட்டா பாவம். மட்டிப்பழம். நம்ம மண்ணோட பெருமை, 2023-ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு, பிள்ளைகளுக்கு மொதல்ல கொடுக்கற பழமும் அதான். எல்லாம் சரி. ஆனா மூணு மாசப் பிள்ளைக்கு ‘ஒரு துண்டு மசிச்சு நாக்குல வச்சா வயிறு நெறஞ்சு மத்தியானம் முழுக்க கட்டையா ஒறங்கும்’னு சொல்றாவ பாருங்க, அங்கதான் வழக்கு. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம். வயித்த நெறச்சு ஒறங்க வைக்க அது பெரியாளோட ஓண விருந்து இல்ல. இன்னொருத்தர் ஜலதோஷ மருந்து ரெண்டு சொட்டு விட்டா நல்லா அசந்துரும்ணு சொன்னாரு, பேர் சொல்ல மாட்டேன், அவரு இப்ப சாமியானாவுக்கு வெளிய நிக்காரு. அது வெளையாட்டு இல்ல, அந்த வயசுல மூச்சையே பாதிக்கும்.

பிறகு தலை உருண்டையா வரணும்னு கடுகு தலையணை தச்சுக் கொண்டுவாறவிய, கவுத்திப் போட்டா அசந்து ஒறங்கும்னு கவுத்திப் போடுறவிய. கவுந்து படுத்தா அசந்து ஒறங்கும்ங்கறது உண்மைதான், அதான் பயமே. அமெரிக்காவுல 1994-ல பிள்ளைகள மல்லாக்கப் படுக்க வைங்கன்னு பெரிய பிரசாரம் நடத்துனாவ, அதுக்குப் பொறவு ஒறக்கத்துலயே திடீர்னு பிள்ளைக சாவுறது ஏறக்கொறைய பாதியா கொறஞ்சுது. மல்லாக்க, கெட்டியான சமமான படுக்கை, தலையணை வேண்டாம், பஞ்சு பொம்மை வேண்டாம். பகல்லயும் இதே விதிதான். சேலைத் தொட்டில்ல கெடத்துனா தாடை நெஞ்சுல மடியாம பக்கத்துல ஒரு ஆள் கண்ணு வச்சிருக்கணும், தொட்டில ஆட்டி விட்டுட்டு சீரியல் பாக்கப் போகக்கூடாது.

போன் பிள்ளை ஒறக்கத்த கெடுக்கவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், மடியில பிள்ளைய வச்சுகிட்டு ரீல்ஸ் சத்தமா வைக்கறவங்களும் இந்தக் கூட்டத்துல உண்டு. மழைச் சத்தம் வச்சா ஒறங்கும்னு பிள்ளை காதுகிட்ட போன வைக்கறவனும் உண்டு. எடவப்பாதி மழை தொடங்குனா ஓட்டு மேல ராவும் பகலும் அதே சத்தம் சும்மா கெடைக்குது, நம்ம ஊர்ல அதுக்கு நெட் பேக் எதுக்குடேன்னுதான் நான் கேக்கேன். ஆனா போன் கேட்ட தொறந்துகிட்டு வராது, கன்னத்தக் கிள்ளாது, வேண்டாம்னு சொன்னா கோவிச்சுக்கிட்டு அடுத்த கல்யாணத்துல மொகத்தத் திருப்பிக்கிட்டும் போகாது. ஒரு அப்பன் போன அணைக்கறதுக்கு யாரு கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். பெரியவங்கள ‘இப்ப வேண்டாம்’னு சொல்ல எவனுக்கு வாய் வரும்? எங்க வீட்டுக்காரி மாசக்கணக்கா சொல்ல முடியாம முழுங்குனது அதத்தான், அவளுக்காகவும் சேத்துத்தான் இந்த மைக்க புடிச்சேன்.

பெல் அடிச்சிட்டாவ, முடிக்கறேன். நடுவர் ஐயா, உங்க மகளுக்கு இந்த மாசம் பேறுன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். பிள்ளை பாக்கப் போகும்போ மொதல்ல போன் பண்ணுங்க, பிள்ளை முழிச்சிருக்கான்னு கேளுங்க, ஒறங்குதுன்னு சொன்னா திங்கள்சந்தையில எறங்கி ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க, போயி பிள்ளைய கேக்கறதுக்கு முன்ன மக கிட்ட ‘நீ ரெண்டு மணி நேரம் ஒறங்கு மக்ளே, நான் பாத்துக்கிடுறேன்’னு சொல்லுங்க. அப்படிப் போறவிய மேல எங்க அணிக்கு ஒரு வழக்கும் கெடையாது. மத்தவிய மேல உள்ள வழக்குக்குத் தீர்ப்பு சொல்லுங்க, நான் சீக்கிரம் கெளம்பணும், மூணு மணிக்கு மரம் வெட்டணும். வணக்கம்.