10 கிராமுக்கு எவ்வளவு செம்பு? ஒரு பட்டறைக் கணக்கு

[காட்சி: வடசேரியில் ஒரு சிறிய பட்டறை. மின்தராசின் தட்டில் தங்கத் துண்டு. எண்: 10.000]

வணக்கம். நாகர்கோவில் வடசேரி என்றதும் கோயில் நகைதான் பலருக்கு நினைவுக்கு வரும். சிவப்புக் கல் பதித்த நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜடைநாகம் என்று பரதநாட்டிய மேடைகளில் பார்க்கிறோமே, அவைதான். புவிசார் குறியீடு பெற்றவை. பெரும்பாலும் வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியவை. இன்று அந்தப் பக்கம் போகவில்லை. கல்யாணச் சங்கிலி செய்யும் ஆசாரி ஒருவரின் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

தட்டில் இருப்பது 999 தங்கம். அதாவது ஆயிரம் பங்கில் 999 பங்கு தங்கம். சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும். கொக்கி செய்தால் விரிந்துவிடும். அதனால் 22 காரட்டுக்கு, அதாவது 916க்கு, இறக்க வேண்டும். எவ்வளவு கலப்பது?

“0.83 கிராம்” என்றேன். 999இல் 916 போனால் 83. ஆயிரத்துக்கு 83 என்றால் பத்துக்கு 0.83. ஆசாரி சிரித்துவிட்டார்.

“தம்பி, செம்பைப் போட்ட பிறகும் தட்டில் 10 கிராம்தான் இருக்குமா?”

[காட்சி: சிலேட்டில் சாக்குக்கட்டியால் எழுதும் கை]

இருக்காது. தங்கம் 9.99 கிராம் அப்படியே இருக்கிறது; மொத்த எடைதான் ஏறுகிறது. எனவே 9.99ஐ 0.916ஆல் வகுக்க வேண்டும். 10.906 வருகிறது. முதலில் இருந்த பத்தைக் கழித்தால் 0.906 கிராம். நான் சொன்ன 0.83ஐப் போட்டிருந்தால் 922 தங்கம் கிடைத்திருக்கும். வாங்குபவருக்குக் கொண்டாட்டம், ஆசாரிக்குக் கைநஷ்டம். நூறு பவுன் வேலையில் 5 கிராம் தங்கம் போய்விடும். நம் மாவட்டக் கல்யாணங்களில் நூறு பவுன் என்பது வெறும் பேச்சல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

எதிர்ப்பக்கம் தவறினால் இன்னும் மோசம். தட்டில் இருந்தது 995 கட்டியாக இருந்து, அதில் இதே 0.906ஐப் போட்டால் 912தான் வரும். ஹால்மார்க்கில் 916க்குக் கீழே சலுகை கிடையாது. நானாக இருந்தால் 917 என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவேன். அப்போது 999 தங்கத்துக்கு 0.894 கிராம் போதும்.

கலப்பது எதை? செம்பு கூடினால் நகை சிவக்கும். வெள்ளி கூடினால் வெளிர்ந்து, லேசாகப் பச்சை தட்டும். இவர் பாதிக்குப் பாதி போடுகிறார்: 0.453 வெள்ளி, 0.453 செம்பு.

இனி பழைய நகை. ஒருவர் 10 கிராம் 750 தங்கத்தைக் கொண்டுவந்து 916 ஆக்கச் சொல்கிறார். இதற்குக் குறுக்குக் கணக்கு.

[காட்சி: சிலேட்டில் பெருக்கல் குறி. இடப்பக்கம் மேலே 750, கீழே 999. நடுவில் 916]

குறுக்கே கழியுங்கள். 999இல் 916 போனால் 83. இது 750க்கு எதிரே. 916இல் 750 போனால் 166. இது 999க்கு எதிரே. 83க்கு 166 என்றால் ஒன்றுக்கு இரண்டு. 10 கிராம் பழைய தங்கத்துக்கு 20 கிராம் 999. இதைக் கேட்டதும் வாடிக்கையாளர் முகம் மாறும் என்கிறார் ஆசாரி. மாறாமல் என்ன செய்யும்!

பாட்டியின் சங்கிலி உருக்கும்போது மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறைவதும் இதே கணக்குதான். கம்பி நல்ல தங்கமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் பற்றவைத்த பொடி மட்டமானது. உருகினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. உரைகல்லில் மேல்பரப்பை மட்டும் உரைத்துப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது. இந்தக் குறையைத் தவிர்க்க வந்ததுதான் கேடிஎம் (KDM) என்ற பற்றவைப்புப் பொடி: 92 பங்கு தங்கம், 8 பங்கு காட்மியம். மாற்று நின்றது, நெஞ்சு போனது. காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். தங்கம் உருகவே 1,064 வேண்டும். ஊதுகுழலோடு குனிந்திருப்பவர் அந்தப் புகையைத்தான் மூச்சாக இழுத்தார். இந்தப் பட்டறையில் அது இல்லை.

[காட்சி: அடுப்பில் மூசை, அதாவது உலோகம் உருக்கும் கிண்ணம். வெங்காரம் (போராக்ஸ்) தூவப்படுகிறது]

தங்கம் உருகிய பிறகு வெள்ளியும் செம்பும் விழுகின்றன. வெங்காரம் மேலே கண்ணாடிபோலப் படர்ந்து, செம்பு கருகாமல் காக்கிறது. கரிக்குச்சியால் நன்றாகக் கலக்குகிறார். கலக்காவிட்டால் கட்டியின் ஒரு முனை ஒரு மாற்று, மறுமுனை வேறு மாற்று. எண்ணெய் தடவிய அச்சில் வார்த்து, ஆறவிட்டு, மறுபடி தராசில் வைக்கிறார்.

10.898. எட்டு மில்லிகிராம் எங்கே என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, மூசையைச் சாய்த்து, ஓரத்தில் உறைந்த வெங்காரத்தைச் சுரண்டி, ஒரு பழைய மருந்து டப்பாவில் போட்டு மூடினார்.